சமோவாவில் ஒரு மார்மன் மிஷனரியின் அன்றாடம்

உங்களுடன் பணிபுரியும் அமெரிக்கர் ஒருவர் தம் 19ஆவது வயதில் இரண்டு ஆண்டுகள் தென்பசிபிக் தீவு நாடான சமோவாவில் மார்மன் மிஷனரியாக இருந்தார் என்றும், அவ்வளவு கடினமான காலம் தம் வாழ்க்கையில் வேறில்லை என்று அவர் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தென்னையும் நீலக்கடலும் சூழ்ந்த தீவில் அப்படி என்ன சிரமம், நாள் முழுவதும் அவர்கள் என்னதான் செய்வார்கள் என்பது உங்கள் கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விதிகளை மதித்து நடந்தவராக இருந்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் ஒரு நாள்கூடக் கடலில் நீந்தியிருக்க மாட்டார். உலகத்தில் எங்கே பணியாற்றினாலும் மார்மன் மிஷனரிகள் நீந்தக் கூடாது என்பது அவர்களுடைய நடத்தை விதிகளுள் ஒன்று. பாலைவனத்து ஊரில் இதைக் கடைப்பிடிப்பது சுலபம். வாசலிலிருந்து ஐம்பதடியில் கடல் கிடக்கும் ஊரில், வியர்த்து ஒட்டிய வெள்ளைச் சட்டையோடும் கழுத்துப் பட்டையோடும் (டை) அதைத் தினமும் கடந்து போவது வேறு விஷயம்.

அவர் யாரிடம் பேசப் போனார் என்பது தெரிந்தால்தான் அவருடைய நாள் புரியும். மார்மன் சபை என்று நாம் சொல்வதன் முழுப் பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’. ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் அதைத் தொடங்கினார். அதே 1830இல், அதற்குச் சம்பந்தமே இல்லாமல், லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் சமோவாவின் சவாயித் தீவில் வந்து இறங்கினார். நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கத்தவர்களுக்கு இந்தச் சங்கத்தின் பெயர் பழக்கமானது. அங்கே பள்ளியும் மருத்துவமனையும் வைத்த அதே சங்கம்தான் சமோவாவையும் கிறித்தவ நாடாக்கியது. அதன் வழிவந்த சபையே இன்றும் அந்நாட்டின் மிகப் பெரிய சபை. மார்மன்கள் 58 ஆண்டுகள் பிந்தித்தான் வந்தார்கள். 1888 ஜூனில் ஜோசப் டீன் என்பவர் தம் மனைவி ஃபுளோரன்ஸுடனும் கைக்குழந்தையுடனும் இன்றைய அமெரிக்க சமோவாவில் (சமோவாத் தீவுக்கூட்டத்தில் அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள பகுதி) உள்ள அவுனு என்ற சின்னஞ்சிறு தீவில் இறங்கினார். முறையான மார்மன் பணியின் தொடக்கம் அது.

ஆகவே உங்கள் நண்பர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, இயேசுவைக் கேள்விப்படாத ஒருவரைக்கூட அவர் சந்தித்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு மாலையும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜெபிக்கும் மக்கள் அவர்கள். நாட்டின் சின்னத்திலேயே சமோவா கடவுளின் மேல் நிறுவப்பட்டது என்று பொறித்திருக்கிறார்கள். 2017இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி அதைக் கிறித்தவ நாடு என்றே எழுதிவிட்டார்கள். இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள அந்த நாட்டில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர் ஏற்கெனவே மார்மன்கள். இப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து வரும் 19 வயதுப் பையன் எதைக் கற்பிக்க முடியும் என்ற ஐயம் உங்களுக்கு எழுந்தால் அது நியாயமானதே. என் கணிப்பில், அவன் அங்கே கற்பிப்பதைவிடக் கற்றுக்கொள்வதே அதிகம். சபை வகுத்துக் கொடுத்த கால அட்டவணை ஒன்று, ஊர் வைத்திருக்கும் கால அட்டவணை இன்னொன்று. இரண்டும் முட்டும் இடத்தில் ஊருடையதுதான் வெல்லும். கடினமான காலம் என்று உங்கள் நண்பர் சொல்வதன் பெரும்பகுதி இதற்குள் அடங்கும்.

சபையின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த நாட்டுக்குப் போவது என்பதை மிஷனரி தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பித்தவருக்குச் சபைத் தலைவரின் பெயரில் அழைப்பு வரும், அதில் குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு 18 மாதங்கள். ஆண்கள் 18 வயதிலேயே கிளம்பலாம் என்று 2012 அக்டோபரில் அறிவித்த பிறகு, பள்ளியை முடித்த கையோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. மாறாக, மிஷனரியோ குடும்பமோ மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கர்களுக்கு 2020 ஜூலை முதல் அது 500 டாலர். தனியாக எங்கும் போகக் கூடாது. நியமிக்கப்பட்ட துணைவர் ஒருவர் எப்போதும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணையும் ஊரும் மாறுவது ஏறத்தாழ ஆறு வாரச் சுற்றுகளில் முடிவாகும். மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை இருக்கும். அதில் இயற்பெயர் இராது, குடும்பப் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்றிருக்கும். தமிழில் இதற்கு ‘மூப்பர்’ என்று பொருள். மீசை சரியாக அரும்பாத பையனை மூப்பர் என்று கூப்பிடுவது நமக்குச் சிரிப்பாக இருக்கும். வயதுக்கும் பட்டத்துக்கும் மிகுந்த மரியாதை தரும் சமோவாவிலோ, அந்தப் பட்டை அவனுக்குத் தகுதிக்கு மீறிய இடத்தைப் பெற்றுத் தந்துவிடுகிறது. அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் கஷ்டம்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். சேவல்களும் நாய்களும் அதற்கு வெகு முன்பே எழுப்பிவிடும் என்பதால் இந்த விதியை யாரும் மீறுவதில்லை. உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, அதன்பின் தனியாக வேத வாசிப்பு, துணையோடு சேர்ந்து பாடத் தயாரிப்பு, மொழிப் பாடம் என்று காலைப்பொழுது கழியும். பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணிவாக்கில் வீடு திரும்பி, பத்தரைக்குள் விளக்கணைக்க வேண்டும். உடையிலேயே சமோவா தன் கையைக் காட்டிவிடும். மேலே வழக்கமான வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் இருக்க, இடுப்பில் கால்சட்டைக்குப் பதிலாக ‘ஈ ஃபைதாங்கா’ என்ற, பையும் கட்டுநாடாவும் வைத்துத் தைத்த கைலி, காலில் செருப்பு. அலுவலகம் போகிறவரும் காவல்துறையினரும் அங்கே கட்டுவது அதுதான். வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு அதன் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை. மார்மன்கள் மிகுந்த அமெரிக்க மாநிலமான யூட்டாவிலிருந்து வந்த பையனுக்கோ, அதைக் கட்டிக்கொண்டு சப்பணமிட்டு உட்காரவே முதல் மாதம் போய்விடும்.

உட்காருவது ஒரு பெரிய பாடம். சமோவாவின் பழைய பாணி வீட்டுக்கு, அவர்கள் ‘ஃபாலே’ என்று சொல்வதற்கு, சுவர் கிடையாது. உயர்த்திய தரை, சுற்றிலும் தூண்கள், மேலே கூரை, மழை வந்தால் இறக்கிவிடும் பாய்த் தட்டிகள், அவ்வளவுதான். தட்டுவதற்குக் கதவு இல்லாத வீட்டில், வீடு வீடாகக் கதவைத் தட்டுவதே அடையாளமாகிப்போன ஒரு பணியை எப்படிச் செய்வது? வாசல் பக்கம் போய், வீட்டுக்காரர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பாயை எடுத்து விரிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, காட்டிய இடத்தில் காலை மடக்கி உட்கார வேண்டும். உள்ளங்கால் எதிரில் இருப்பவரை நோக்கி நீண்டால் அது அவமரியாதை, நீட்டியே ஆக வேண்டுமானால் மேலே ஒரு பாயைப் போட்டு மூட வேண்டும். நின்றுகொண்டு பேசக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போக நேர்ந்தால் உடம்பைக் குனிந்து ‘துலோவ்’ என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்லவும் கூடாது. வீட்டுத் தலைவர் ‘மதாய்’ எனப்படும் குடும்பத் தலைமைப் பட்டம் உடையவரானால் வரவேற்பு உரையே தனி. அதற்குத் தகுந்த மறுமொழி சொல்லத் தெரிய வேண்டும். பல மிஷனரிகளின் துணைவர் சமோவரோ அண்டை நாடான தொங்காவைச் சேர்ந்தவரோ ஆக இருப்பதால், முதல் சில மாதங்கள் அவர் பேச, வெளிநாட்டுப் பையன் மரத்துப்போன காலோடு புன்னகைத்துக்கொண்டிருப்பான்.

மொழியைப் பற்றித் தமிழர்களிடம் சொல்வது எளிது, ஏனென்றால் நம்மிடம் உள்ள சிக்கல்தான் அங்கேயும். பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் படித்துவிட்டு வருபவர் கற்றிருப்பது பள்ளியிலும் கோயிலிலும் வானொலியிலும் வழங்கும் செம்மையான வழக்கு. தெருவிலும் வீட்டிலும் தகரமெல்லாம் ககரமாகிவிடும். மூன்று என்பதற்குப் புத்தகத்தில் ‘தொலு’, தெருவில் ‘கொலு’. செய்தித்தாள் தமிழைக் கற்றுக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணியில் வந்து இறங்கிய வெள்ளைக்காரரின் நிலைதான். இது போதாதென்று மரியாதைச் சொற்கள் ஒரு தனி அடுக்கு. சாப்பிடுவதற்கு சாதாரணச் சொல் ‘ஆய்’. விருந்தினருக்குச் சொல்வது ‘தவுமஃபா’. பெரிய பட்டத்தாருக்குச் சொல்வது ‘தவுத்தே’. வீட்டுக்கும் அப்படியே: ‘ஃபாலே’ என்று நம் வீட்டைச் சொல்லலாம், தலைவரின் வீட்டைச் சொன்னால் அது ‘மாவொதா’. எதிரில் இருப்பவர் எந்தப் படியில் இருப்பவர் என்று தெரியாமல் வாயைத் திறக்கவே முடியாது. நாம் ‘வா’, ‘வாங்க’, ‘எழுந்தருளுங்கள்’ என்று ஏறுவதைப் போன்றதுதான், ஆனால் அவர்களிடம் படிகள் இன்னும் அதிகம்.

பேச்சை நம்பாதவர்களையும் சாப்பாடு ஒன்றாக்கிவிடும் என்றாலும், அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வருகிற மிஷனரிகளுக்கு உணவளிப்பது சபைக் குடும்பங்களுக்குப் பெருமை; ஆகவே மாலையில் ஏதாவது ஒரு வீட்டில் விருந்து அமையும். சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த தாரோ, சுட்ட ஈரப்பலா, வேகவைத்த வாழைக்காய், இளம் தாரோ இலையில் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பொதிந்து சூடான கற்களின் மேல் வேகவைத்த பலுசாமி, டின்னில் வரும் மாட்டிறைச்சி, ‘சப்பசுயி’ என்று பெயர் மாறிப்போன சீனத்து சேமியா. காபி, தேநீர், மது, புகையிலை நான்கையும் மார்மன்கள் 1833ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்றின்படி விலக்குகிறார்கள். உள்ளூர்க் கோகோவை வறுத்து இடித்துக் காய்ச்சும் கெட்டியான பானத்துக்குத் தடை இல்லை என்பதால், அதில் தாராளம். இப்போது கவனியுங்கள். விருந்தினரும் பெரியவர்களும் முதலில் சாப்பிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். விருந்தினர் தட்டை விலக்கிய பிறகு மீதி இருப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு. வைத்ததைத் தொடாவிட்டால் வீட்டுக்காரிக்கு மனம் வருந்தும்; எல்லாவற்றையும் தின்று தீர்த்தால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி வெறும் வாழைக்காயோடு படுக்கப் போவாள். எதைத் தொட்டு, எதைத் தொடாமல் விட்டு, எந்த இடத்தில் “வயிறு நிறைந்தது” என்று சொல்வது என்பதைக் கற்றுக்கொள்ளாதவனைத் துணைவர் வீட்டுக்கு வரும் வழியில் கண்டிப்பார்.

ஊரின் அட்டவணை எல்லாவற்றுக்கும் மேலானது என்று சொன்னேன் அல்லவா, அதை நேரில் காணும் வேளை அந்தி. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் எங்கிருந்தோ சங்கொலியோ மணியோசையோ எழும். மணி என்றால் பெரும்பாலும் காலியான எரிவாயு உருளையை மரத்தில் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பதுதான். இந்த மாலை ஜெப வேளைக்கு ‘சா’ என்று பெயர். முதல் ஒலிக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும், இரண்டாவதற்கு ஜெபம் தொடங்கும், மூன்றாவது ஒலி முடிந்துவிட்டது என்று அறிவிக்கும். அந்தப் பத்து இருபது நிமிடம் ஊருக்குள் யாரும் நடக்கக் கூடாது. பட்டமில்லாத இளைஞர்கள், பளிச்சென்ற கைலியும் பூமாலையும் அணிந்து சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். மீறுபவரைப் பற்றி ஊர்ப் பெரியவர்களின் அவைக்குத் தகவல் போகும், தண்டமும் விழும். அடுத்த வீட்டில் ஆறரை மணிக்குப் பாடம் என்று குறித்து வைத்திருந்த இரண்டு மிஷனரிகள் அப்போது சாலையில் இருந்தால், அப்படியே நின்றுவிட வேண்டும், அல்லது அருகில் உள்ள வீட்டில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். அது எந்தச் சபையைச் சேர்ந்த வீடானாலும் சரி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாட்டு, எதிர் வீட்டிலிருந்து இன்னொரு பாட்டு, எல்லாம் கலந்து இருட்டும்போது, பிரசங்கிக்க வந்தவன் பிறர் ஜெபத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். இருக்கிற வேலைகளில் இதுதான் அவனுக்கு மிகவும் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

ஊர் அவைக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மதாய்கள் கூடும் ‘ஃபோனோ’ என்ற அவை நெடுங்காலமாக இருப்பது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதன் அதிகாரத்தை எழுத்திலும் கொடுத்தது. புதிய சபை எதுவும் தங்கள் எல்லைக்குள் வரக் கூடாது என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. சமய சுதந்திரம் என்று அரசமைப்பு சொல்வதற்கும் இதற்கும் இடையே வழக்குகளும் நடந்திருக்கின்றன. மிஷனரிகள் வழக்குக்குப் போவதில்லை. அத்தகைய ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இனி வேலை என்ற பேச்சுக்கு வருவோம். புதியவர்களுக்குப் பாடம் சொல்லி ஞானஸ்நானம் வரை கொண்டுவருவதுதான் நோக்கம் என்று ஏட்டில் இருந்தாலும், கணிசமான நேரம் ஏற்கெனவே உறுப்பினராகிப் பின்பு வராமல் போனவர்களைத் தேடுவதில் கழிகிறது. சபை தன் பதிவேட்டிலிருந்து சொல்லும் சமோவ உறுப்பினர் எண்ணிக்கை, கணக்கெடுப்பின்போது தங்களை மார்மன் என்று சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இடைப்பட்டவர்களில் பலர் நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயிருக்கலாம், திருமணமாகி வேறு சபைக்கு மாறியிருக்கலாம், சிலர் பன்னிரண்டு வயதில் முங்கி எழுந்ததையே மறந்திருக்கலாம். எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் எந்தச் சபைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் ஊர் ஊராக விசாரித்து நடப்பவன் அந்தப் பையன்தான்.

கொள்கையளவில் இன்னொரு சங்கடமும் உண்டு. மார்மன் வேதத்தில், அமெரிக்கக் கண்டத்தில் கப்பல் கட்டிக் கடலில் இறக்கிய ஹாகோத் என்பவரின் வழிவந்தவர்களே சமோவர் உள்ளிட்ட பாலினேசியத் தீவு மக்கள் என்ற நம்பிக்கை அத்தீவுகளின் மார்மன்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தங்களை வேதக் கதைக்குள் வைத்துப் பார்க்க அது உதவியது என்பது உண்மை. ஆனால் மொழியியலும் தொல்லியலும் மரபணு ஆய்வும் பாலினேசியரின் மூதாதையர் மேற்கிலிருந்து, தைவான், தென்கிழக்காசியா வழியாக வந்தார்கள் என்பதையே காட்டுகின்றன. சமோவாவில் மனிதர் குடியேறி ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. படித்த சமோவ இளைஞர் ஒருவர் இதைக் கேட்டால் 19 வயதுப் பையனுக்குப் பதில் சொல்வது கடினம். பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவான்.

வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகத் திங்கட்கிழமை, சொந்த வேலைக்கு. வாளியில் சவர்க்காரத்தைக் கரைத்து ஆறு வெள்ளைச் சட்டைகளைக் கசக்கி, சட்டைக் காலரில் படிந்த மஞ்சள் கறையைத் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்த்துக் கொடியில் போட்டால், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையுள்ள மழைக்காலத்தில் அரை மணி நேரத்தில் மழை வந்து மறுபடியும் நனைத்துவிட்டுப் போகும். தோல் காலணியில் பூஞ்சை படரும், புத்தகத்தின் அட்டை அலை அலையாக வளையும். முன்பெல்லாம் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் பேசலாம் என்று தளர்த்தினார்கள். வீட்டு நினைவு இதனால் குறைந்ததா கூடியதா என்பதை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அந்த விடுமுறையும் முடிந்து, மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ஆபத்து என்று பார்த்தால் நாய்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கட்டாமல் வளர்க்கும் நாய்கள் வீட்டுக்கு மூன்று நான்கு இருக்கும், இருட்டில் நடந்து வருபவரை விடாது. கையில் கல்லில்லாமல் நடப்பதில்லை. கல் இல்லாவிட்டாலும் குனிந்து எடுப்பதுபோல் பாவனை செய்தால் பாதி நாய்கள் ஓடிவிடும் என்பது நம் ஊரில் செல்லுபடியாவதைப் போலவே அங்கும் செல்லுபடியாகும். கொசுவால் வரும் டெங்கு அடுத்தது. 2019 இறுதியில் தட்டம்மை பரவி 83 பேர், பெரும்பாலும் சிறு குழந்தைகள், இறந்தபோது, தடுப்பூசி போடாதவர் உள்ள வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொல்லி நாட்டையே இரண்டு நாள் மூடினார்கள். வீடு வீடாகப் போவதே வேலையாக உள்ளவர்களுக்கு அந்நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அடுத்த மூன்று மாதத்தில் கொரோனா வர, வெளிநாட்டு மிஷனரிகளை உலகெங்கும் சொந்த நாட்டுக்குத் திருப்பியழைத்தார்கள்.

கடலில் நீந்த மாட்டார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆனால் அவர்கள் கடலில் இறங்கும் வேளை ஒன்று உண்டு. மார்மன் ஞானஸ்நானம் தலையில் நீர் தெளிப்பதன்று, உடல் முழுவதும் முங்க வேண்டும். வழிபாட்டுக் கூடங்களில் அதற்கென்று தொட்டி இருக்கும். தொட்டி தொலைவாக இருந்தாலோ குடும்பத்தார் விரும்பினாலோ கடலில் வைத்துக்கொள்வார்கள். அன்று மிஷனரி வெள்ளை உடையோடு, ஞானஸ்நானம் பெறுபவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அலை உடையும் பவளத்திட்டுக்கு இப்புறம் உள்ள அமைதியான நீரில் இடுப்பளவுக்கு நடந்து போவார். வலக்கையை உயர்த்தி இரண்டே வரி வாசகம், பின்னால் சாய்த்து ஒரு முங்கல், அவ்வளவுதான். காலோ கையோ ஆடையின் நுனியோ நீருக்கு மேலே தெரிந்துவிட்டால் மறுபடியும் செய்ய வேண்டும் என்பது விதி. அலை கொஞ்சம் துள்ளும் நாளில் இரண்டு மூன்று முறை ஆவதுண்டு, இளம் மிஷனரிகள் அதற்காக வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

உங்கள் நண்பரிடம் அடுத்த முறை பேசும்போது அவருடைய மதத்தைப் பற்றியோ எத்தனை பேரை மாற்றினார் என்றோ கேட்காதீர்கள். அதற்கு அவர் பலமுறை பதில் சொல்லியிருப்பார். எந்த ஊர்களில் இருந்தார், முதல் துணைவர் யார், நாய்க்கடி பட்டதுண்டா என்று கேளுங்கள். சமோவ மொழியில் எதையாவது சொல்லச் சொல்லி, அவர் தகரத்தில் பேசுகிறாரா ககரத்தில் பேசுகிறாரா என்றும் கவனியுங்கள்.